பேர் சொல்லும் பிள்ளை

ஒலிப்பதிவுக் கூடத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் எழுதிய சின்ன புரோகிராம் அது. படம் கிடையாது, பட்டன் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வார்த்தையைத் தட்டினால், செருகியிருக்கும் டிஸ்க்குக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று ஒரே வரியில் சொல்லும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு. முதலாளி அதைப் ‘பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவார். “நமக்கும் பேர் சொல்ல ஒரு பிள்ளை இருக்கு” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவிட்டு, அவரே முதலில் சிரிப்பார்.

கூடத்தில் ஒரு வழக்கம். வேலை முடிந்த டிஸ்க்குக்குக் ‘காலி’ என்று பெயர் மாற்றிவிடுவார்கள். பிள்ளை ‘காலி’ என்றால் அழிக்கலாம், வேறு எதைச் சொன்னாலும் கை வைக்கக் கூடாது. டிஸ்க்குகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த பெட்டிகள். மேலே ஒட்டுகிற ஸ்டிக்கர் உரிந்து யார் செருப்பிலாவது போய்விடும். அதனால் பிள்ளை சொன்னதுதான் வேதவாக்கு.

பழைய டிஸ்க்குகள் சுழன்று எழுந்திருக்க நேரம் எடுக்கும். “உன் பிள்ளை வாயைத் திறக்கறதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டுடலாம் போல” என்று ரெக்கார்டிங் அக்கா கிண்டலடித்தாள். அவன் ரோஷக்காரன். பிள்ளை ஒருமுறை சொன்ன பெயரை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை டிஸ்க்கைப் பார்க்காமலே சொல்லும்படி மாற்றினான். பதில் பட்டென்று வந்தது. டிஸ்க்கை மாற்றிச் செருகினால் பழைய நினைவை அழிக்க வேண்டுமே என்றும் தோன்றத்தான் செய்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். சபாஷ் வாங்குவதில் இருந்த அவசரம் இதில் இல்லை.

அக்கா காலி டிஸ்க் ஒன்றை அழித்துவிட்டு, அதே இடத்தில் இன்னொன்றைச் செருகிப் பெயர் கேட்டாள். பிள்ளை முந்தைய டிஸ்க்கின் பெயரையே சொன்னது. காலி. அவள் அழித்தாள். போனது, ஒரு பெரியவர் இருமலை அடக்கி அடக்கி வாசித்துக் கொடுத்த முழு நாவல். அதற்கு இன்னும் பிரதி எடுக்கவில்லை.

முதலாளி கத்தவில்லை. “பேரைப் பாக்காம அழிச்சுட்டியேம்மா.”

“பாத்தேன் சார். காலின்னுதான் சொல்லுச்சு.”

“பிள்ளை என்னிக்காவது மாத்திச் சொல்லியிருக்கா?”

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் திரையைப் பார்த்தான். “செக் பண்றேன் சார்” என்றான்.

தன் கைவரிசைதான் என்று உடனே தெரிந்துவிட்டது. ஓசைப்படாமல் பிழையைத் திருத்தினான். பழைய புரோகிராமை இருந்த இடமெல்லாம் தேடித் துடைத்தான். பிறகு முதலாளியைக் கூப்பிட்டு, டிஸ்க்குகளை மாற்றி மாற்றிச் செருகிக் காட்டினான். பிள்ளை எல்லாவற்றுக்கும் சரியாகப் பெயர் சொன்னது. “புரோகிராம்ல தப்பு இல்ல சார்” என்றான். அந்த நிமிடத்துக்கு அது உண்மைதான். கோழைக்கு எப்போதும் இப்படி ஒரு சௌகரியம் கிடைத்துவிடுகிறது.

பெரியவர் மறுபடி வாசிக்கச் சம்மதித்தார். அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. ஆனால் சாப்பாட்டு வேளையில் அக்கா டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

“அம்மாவுக்கும் மறதி இப்படித்தான்டா ஆரம்பிச்சுது. நான் காலின்னு பாத்த மாதிரியே இருக்கு. எழுத்துகூட கண்ணுலயே நிக்குது. அதான் பயமா இருக்கு.” ரெக்கார்டிங் வேண்டாம், முன்னறையில் போன் எடுக்கிற வேலை கொடுங்கள் என்று முதலாளியிடம் கேட்கப்போகிறாளாம்.

அவன் தன் டப்பாவை மூடினான். இப்படி ஒரு ஈனப்பிறவியா நான் என்று இருந்தது.

“அக்கா, நீங்க பாத்தது நிஜம். தப்பு என்னோடது.” நடந்ததையெல்லாம் கொட்டினான்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். “சார் முன்னாடி சரியாத்தானே சொல்லுச்சு?”

“அதுக்குள்ள திருத்திட்டேன்.”

“அப்ப பழசைக் காட்டு.”

“அழிச்சுட்டேன்.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டவில்லை. அவன் ஓடிப்போய், அதே பிழையை மறுபடி எழுதினான். அவளை உட்காரவைத்து, ஒரு காலி டிஸ்க்கின் பெயரைக் கேட்டான்; அதை எடுத்துவிட்டு, காலி இல்லாத இன்னொன்றைச் செருகிக் கேட்டான். காலி என்றது.

“பாருங்க. இதேதான் நடந்துச்சு.”

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் தோளைத் தட்டினாள். “எனக்காக உக்காந்து இதை எழுதினியா?”

“இல்லக்கா, சத்தியமா...”

“அம்மா எதையாவது தொலைச்சுட்டுத் தவிக்கறப்ப, நான்தான்மா எடுத்து வெச்சேன், நீ மறக்கலன்னு நானும் இப்படித்தான் சொல்லுவேன். நல்ல மனசுடா உனக்கு.”

தன்னிடமிருந்த பதிவறைச் சாவியை ஒப்படைக்க முதலாளி அறைக்குப் போனாள்.