ரொக்கமோராவில் வீடுகள் முதுகைக் காட்டிய வருடம்

அக்டோபர் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு ரொக்கமோராவில் அசுந்தாவின் வீடு திரும்பி நின்று பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டியது. சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் ஏறும்போது வருமே, அந்த மாதிரி ஒரு முனகல். அடுப்பில் அவரைக்கொட்டை வெந்துகொண்டிருந்தது, கொதி நிற்கவில்லை. பின்பக்கத்தில் இருந்த கோழிக்கூடு, தண்ணீர்த் தொட்டி, துருப்பிடித்த தகரம் வேய்ந்த கழிப்பறை எல்லாம் வீட்டோடு சுற்றி வந்து தெருவைப் பார்த்து நின்றன. அவளுடைய சமையலறைச் சுவர் அதுவரை இடப்பக்கத்து வீட்டோடு ஒட்டியிருந்தது. இப்போது வலப்பக்கத்து வீட்டோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு வீட்டாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. வியாழக்கிழமை மாகாணத் தலைநகரிலிருந்து பொறியாளர் ஒருவர் வந்து அளந்து பார்த்தார். அஸ்திவாரம் அசையவில்லை, வீடு திரும்பியிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவள் கொடுத்த அவரைக்கொட்டையில் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இத்தாலியில் மற்ற ஊர்க்காரர்கள் எங்கள் மொலீஸே மாகாணத்தைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்வார்கள்: அப்படி ஒரு இடமே கிடையாதாம். ரொம்ப காலம் எங்களுக்கு அதில் வருத்தம் இருந்தது. வீடு திரும்பியதற்கு மூன்று வருடம் முன்பு மிலானோவில் அச்சாகும் ஒரு பயணப் பத்திரிகை, ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாத பன்னிரண்டு ஊர்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் நாங்கள் ஏழாவது. யாருக்கும் தெரியாத ஊராம். இங்கே இருநூற்றுப் பதினான்கு பேர் இருந்தோம், எங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. "காலம் உறங்கும் கிராமம்" என்று எழுதியிருந்தார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பால் கறக்கிற ஊரை உறங்குகிறது என்று எழுதியவன் எவனோ, அவன் எத்தனை மணிக்கு எழுந்தானோ. அந்த வருடம் கோடையில் முதல் பேருந்து வந்தது. அடுத்த கோடையில் ஒரே நாளில் ஒன்பது.

ஊருக்கு வரும் சாலை பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்தில் இறங்கி, ஒரு குறுகலான வளைவில் திரும்பி, பாலம் தாண்டி வருகிறது. அந்த வளைவை அகலப்படுத்தச் சொல்லி ஏழு வருடம் மனுப் போட்டோம். கடைசியில் கல்லும் இரும்பும் லாரியில் வந்து இறங்கின. ஊர் கைதட்டியது. வளைவு அகலமாகவில்லை, அதே வளைவில் ஒரு பார்வை மேடை எழுந்தது. அங்கே நின்று பார்த்தால் எங்கள் வீடுகளின் முகப்பு முழுவதும் ஒரே சட்டத்துக்குள் விழும் என்று மேயர் எர்மான்னோ திறப்புவிழாவில் சொன்னான். பிறகு விதிகள் வந்தன. முகப்புக்கெல்லாம் ஊராட்சியே சாயம் பூசியது. அசுந்தாவின் வீட்டுக்கு முட்டைக்கரு மஞ்சள். முன்பக்கத்தில் துணி காயப்போடக் கூடாது. கோழி தெருவுக்கு வரக் கூடாது. இறந்தவர் பெயர் அச்சிட்ட கறுப்புக்கரைச் சுவரொட்டிகளை முகப்பில் ஒட்டக் கூடாது, பார்க்க வருகிறவர்களுக்கு மனம் வாடும். எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் சுவரில்தான் முதலில் சாவார். கல்லறைக்கு மறுநாள்தான் போவார். அதையும் நிறுத்தினார்கள். நாங்கள் முணுமுணுத்தோம். முணுமுணுத்ததோடு சரி. அதை நினைத்தால் இன்றைக்கும் எங்கள் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அசுந்தாவின் கணவர் நிகாந்த்ரோ கல்தச்சர். ஊரில் பாதிப் படிகள் அவர் கை வைத்தவை. ஆகஸ்ட் மாதம் ஒரு மத்தியானம் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தவர் கோடரியைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்றார். அசுந்தா தொலைபேசியில் சொன்னாள். ஆம்புலன்ஸ் சீக்கிரமாகவே வந்தது. எதிர்ப்பக்கத்துச் சாலையில் அது இறங்குவதை அவள் முன் ஜன்னலிலிருந்து பார்த்தாள். "வந்துடுச்சுங்க, இதோ வந்துடுச்சு" என்று அவரிடம் சொன்னாள். வளைவில் அது நின்றது. மேடைக்கு ஆள் இறக்கிவிட்ட இரண்டு பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன, ஓட்டுநர்கள் படம் எடுத்துக்கொடுக்க மேடைக்கு ஏறிப் போயிருந்தார்கள். நீல விளக்கு சுற்றிக்கொண்டே இருந்தது, வண்டி நகரவில்லை. பத்தொன்பது நிமிடம். கடைசியில் செவிலியர் ஒருவர் ஆக்சிஜன் உருளையைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தின் வழியே ஓடிவந்தார். மேடையில் இருந்தவர்கள் அவர் ஓடுவதையும் படம் எடுத்தார்கள். அவர் வாசலுக்கு வந்தபோது நிகாந்த்ரோவின் கை அசுந்தாவின் மடியில் ஆறிப்போயிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் அசுந்தா சுவரொட்டி அடித்து வாங்கிவந்து மஞ்சள் முகப்பில், கதவுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். ஊராட்சி ஊழியர் வந்து கிழித்தார். மறுபடி ஒட்டினாள். மறுபடி கிழித்தார். ஏழாவது தடவை அந்த ஊழியர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சுரண்டினார், ஆனாலும் சுரண்டினார். செப்டம்பர் முடிய இது நடந்தது. பிறகு எர்மான்னோவே வந்தான். அவன் அவளுக்குச் சித்தி மகன். சின்ன வயதில் அவள் இடுப்பில் இருந்தவன்.

"அக்கா, கல்லறை வாசல்ல ஒரு பலகை வச்சுத் தர்றேன். கண்ணாடி போட்டு, பூட்டுப் போட்டு. அதுல ஒட்டிக்கோங்க."

"அவரு கல்லறையிலயா பொறந்தாரு? இந்த வீட்டுலதான இருந்தாரு?"

"இன்னும் ஒரே மாசம்க்கா. சீசன் முடியட்டும்."

"என்னடா முடியட்டும்?"

"சீசன். கூட்டம் வர்ற காலம்."

"எர்மான்னோ, நான் அவங்களைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்டா. அந்த ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அவங்க என் வீட்டைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. நடுவுல வண்டி நிக்குது. ஒருத்தனாச்சும் இறங்கி அந்தப் பஸ்ஸைத் தள்ளினானா?"

"அவங்களுக்கு என்னக்கா தெரியும், வெளியூர்க்காரங்க."

"உனக்குத் தெரியும்ல?"

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். அவள் முன் ஜன்னலை அடைத்தாள். நாற்காலியைத் திருப்பி மலைப்பக்கம் பார்க்கப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வாரம் சமைக்கும்போதும் தைக்கும்போதும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைதான் வீடும் திரும்பியது.

முதலில் இதை ஒரு வீட்டு விஷயம் என்றுதான் நினைத்தோம். வெள்ளிக்கிழமை பக்கத்து வீடு திரும்பியது. அந்த வீட்டுக் கிழவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மூன்று பேர் கதவைத் திறந்து உள்ளே வந்து, வாயில் கரண்டி இருக்கும்போதே அவரைப் படம் எடுத்தார்களாம். அது நடந்தது போன வருடம், கோபம் இப்போதுதான் வந்து சேர்ந்தது என்றார். பிறகு தினம் ஒன்றிரண்டு. யார் வீட்டில் யாருக்கு எப்போது ஆத்திரம் முற்றியதோ, அப்போது அந்த வீடு முனகிச் சுற்றியது. சிலர் சண்டையைப் பாதியில் நிறுத்தி, வீடு சுற்றி முடிக்கும்வரை மேசையைப் பிடித்துக்கொண்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். தேவாலயம் மட்டும் பிடிவாதமாக இருந்து, நவம்பரில் ஒரு பூசையின் நடுவே திரும்பியது. பாதிரியார் வாசகத்தை முடித்துவிட்டு, போகும்போது எல்லோரும் மறக்காமல் மலைப்பக்கமாக வெளியேறுங்கள் என்றார்.

காப்பிக்கடை கஸ்பாரே வெகுநாள் தாக்குப்பிடித்தவன். வருகிறவர்களை வைத்துத்தான் அவன் பிழைப்பு. அசுந்தாவைப் பற்றிக் கடையிலேயே எகத்தாளம் பேசினான். "அந்தம்மா வீடு கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். என் கடைக்கு மூஞ்சி காட்டத்தான் தெரியும்" என்பான். டிசம்பர் தொடக்கத்தில் ஒரு வழிகாட்டி ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். கஸ்பாரே வாசலில் சாய்ந்து நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, கொஞ்சம் நகர்ந்துக்குங்க" என்றான் வழிகாட்டி. "வாசலைப் படம் எடுக்கிறாங்க, குறுக்க விழறீங்க."

"இது என் வாசல்."

"அதான், ரொம்ப அழகா இருக்குங்கிறாங்க. நீங்க மட்டும் ஒரு நிமிசம்..."

கஸ்பாரே நகர்ந்தான். அதுதான் அவனால் பொறுக்க முடியாமல் போனது. நகர்ந்துவிட்டு, தெரு நடுவில் நின்று, தன் வாசல் தான் இல்லாமல் படமாவதைப் பார்த்தான். காது சிவந்தது. கடை திரும்பியது. வழிகாட்டியும் ஆறு பேரும் காலிப் புட்டிகளுக்கும் குப்பைத் தொட்டிக்கும் எதிரில் கேமராவைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள்.

இப்போது மேடையில் ஏறி நின்றால் தெரிந்ததெல்லாம் எங்கள் கொல்லைகள். ஓட்டை வாளிகள், பன்றித் தொழுவம், வெடித்த காரை, கொடியில் ஆடும் உள்பாவாடைகள். வந்தவர்கள் ஏமாற்றப்பட்டோம் என்று எழுதினார்கள். எர்மான்னோ விடவில்லை. மலைப்பக்கம் இன்னொரு மேடை கட்டினால் முகப்பு தெரியுமே என்று வரைபடம் போட்டான். அது ஊராட்சியில் நிறைவேறிய மறுநாள் காலை அவன் முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது அவன் வீடு திரும்பியது. அதைத் திருப்பியது அவனுடைய கோபம் இல்லை, அவன் மனைவியுடையது. பதினெட்டு வருடமாக நிகாந்த்ரோ போட்ட படியில் ஏறி இறங்கியவள். ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு அவன் அசுந்தாவின் வீட்டுக்கு ஓடிவந்தான். அவள் கோழிக்குத் தீனி கலக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நிறுத்தச் சொல்லுங்க."

"யாரை?"

"வீடுங்களைத்தான்."

"நான் சொல்லியா திரும்புச்சு?"

"என்னதான்க்கா வேணும் உங்களுக்கு?"

"என் மனுசன் வேணும். தர்றியா?"

நுரை அவன் கழுத்தில் வழிந்தது.

"முடியாதுல்ல? அப்ப அந்த வளைவை வெட்டு. ரோட்டுக்குன்னு வந்த கல்லு அந்த மேடையில இருக்கு. அதைப் பிரிச்சு ரோட்டுல போடு."

"எம்மேல இவ்ளோ கோவமாக்கா?"

"ஆமாண்டா."

எர்மான்னோ அங்கேயே, கோழிகளுக்கு நடுவில் நின்று அழுதான். அவள் துண்டு எடுத்துக் கொடுக்கவில்லை. தீனியை இறைத்துவிட்டு உள்ளே போனாள்.

மேடையை மார்ச் மாதம் பிரித்தார்கள். ஊரே போய்ப் பிரித்தது; எர்மான்னோ முதல் ஆளாகக் கடப்பாரை பிடித்தான், யாரும் அவனோடு பேசவில்லை. மே மாதத்தில் வளைவில் இரண்டு லாரி எதிரெதிரே போகலாம் என்று ஆயிற்று. பத்திரிகை அடுத்த பட்டியலில் எங்களை எடுத்துவிட்டு வேறு ஏதோ ஊரைப் போட்டது. அந்த ஊர்க்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஜூலையில் கஸ்பாரேயின் மனைவி மாடிப்படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் இறங்கியது, வளைவில் வேகத்தைக்கூடக் குறைக்காமல் திரும்பியது, பாலம் தாண்டி வந்து நின்றது. அசுந்தா கையில் முட்டையோடு தன் கொல்லையில் நின்று அதைப் பார்த்தாள். வண்டி கடையடிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அவள் அழுதாள் என்கிறார்கள். சத்தமாகவே அழுதாளாம், திட்டிக்கொண்டே அழுதாளாம், யார் யாரையெல்லாம் திட்டினாள் என்பதில் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். என் பெயரும் அதில் இருந்தது என்று கேள்வி. இருக்க வேண்டியதுதான்.

வீடுகள் பழையபடி திரும்பவில்லை. திரும்பும் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை. நில அளவைத் துறையிலிருந்து இருவர் வந்து புது வரைபடம் எழுதிப் போனார்கள். தபால்காரர் முதல் வாரம் தடுமாறினார், அப்புறம் பழகிவிட்டது. கொல்லை தெருவானதால் பேச்சுத்துணை அதிகம். பாத்திரம் கழுவிக்கொண்டே எதிர்வீட்டோடு சண்டை போட முடிகிறது. ஒரே தொல்லை, மலையிலிருந்து இறங்கும் வாடைக்காற்று இப்போது நேரே முன்கதவில் அறைகிறது. கதவுக்கடியில் சாக்கைச் சுருட்டிச் செருகி வைத்திருக்கிறோம். இந்த வருடம் கனமான சாக்கு கிடைக்கவில்லை, பழைய கம்பளியை மடித்து வைத்தால் போதும் என்று கஸ்பாரே சொல்கிறான்.