மூலையில் இருந்த எண்

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போதே கனகலட்சுமி மனதுக்குள் அழகர் பெருமாளிடம் சொல்லிவிட்டாள். அழகர்கோவில் போய்ச் சேருவதற்குள் போன் ஆட்டத்தில் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு வந்துவிட்டால், அக்காவைப் போய்ப் பார்ப்பது. வராவிட்டால் சாமியை மட்டும் கும்பிட்டுவிட்டு, யார் கண்ணிலும் படாமல் திரும்பிவிடுவது.

அவர்கள் வீட்டில் எதற்கும் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். ஓடுகிற பஸ்ஸில் பூவுக்கு எங்கே போவது?

கனகலட்சுமியின் ஒத்தக்கடைப் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று அக்கா முத்துமீனாதான் அடுப்பைப் பற்றவைத்திருக்க வேண்டும். அவள் வந்த பஸ் தாமதம். நல்ல நேரம் போகிறதே என்று கனகலட்சுமியே பற்றவைத்துவிட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது குலவைச் சத்தம் அக்காவின் காதில் விழுந்தது. கழற்றியதை மாட்டிக்கொண்டு திரும்பிப் போனவள்தான், அதன் பிறகு பேச்சில்லை. இன்று அழகர்கோவிலில் அக்காவின் பேரனுக்கு முடியிறக்குகிறார்கள். அழைத்தது அக்கா மகள் தமிழ்வாணிதான்.

விரலால் தள்ளத் தள்ள, கட்டங்கள் வழுக்கிப் போயின. இரண்டும் இரண்டும் தொட்டு நாலாயின. நாலும் நாலும் எட்டாயின. சண்டையில்லை, சத்தமில்லை, ஒட்டின இடமும் தெரியவில்லை. இந்தச் சுகத்துக்காகவே அவள் தினமும் ஆடினாள். ஜன்னலுக்கு வெளியே வரப்புக் கட்டிய வயல்களும் ஒன்றோடொன்று நகர்ந்து சேர்வது போலிருந்தது. இடது கீழ் மூலையில் ஆயிரத்து இருபத்துநாலு அசையாமல் உட்கார்ந்திருந்தது. இன்னொன்று சேர்ந்தால் போதும்.

"என்னாத்தா, ஏறுனதுலருந்து அதையே தடவிக்கிட்டிருக்க?" பக்கத்தில் துளசி மாலைப் பையோடு இருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஒரே நம்பர் ரெண்டு தொட்டா ஒண்ணாயிரும்."

"ஒரே மாதிரி இருந்தாச் சேந்துருமாக்கும்? நானும் எங்க மாமியாவும் ஒரே கொணம்தேன். இம்புட்டு வருசமாச்சு, எங்க சேந்தோம்!"

கனகலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடச்சனேந்தல் தாண்டியதும் அந்த அம்மாள் தூங்கிப்போனாள். தலை மெல்லச் சாய்ந்து கனகலட்சுமியின் வலது தோளில் இறங்கியது. வயல்வேலைக் கை மடியில் விரிந்து கிடந்தது. மாலைப் பை நழுவ, கனகலட்சுமி அதை இடது கையால் பிடித்துக்கொண்டாள். இனி ஆட வேண்டுமானால் தோளை அசைக்க வேண்டும், இல்லையென்றால் சாமி மாலையைக் கீழே விட வேண்டும். அவளுக்கு இரண்டுக்கும் மனம் வரவில்லை. போனை மடியில் வைத்தபடி அப்படியே இருந்தாள். அந்தத் தலையின் பாரம் எங்கோ பழகியது போலிருந்தது. அழகர்மலை நீலமாக, கனவில் வருவது போல அருகே வந்துகொண்டிருந்தது.

அப்பன்திருப்பதியில் பஸ் தூக்கிப் போட்டது. நழுவிய போனைப் பிடிக்கப் போன கட்டைவிரல் திரையில் இழுத்துவிட்டது. மூலையிலிருந்த பெரிய எண் மேலே போய்விட்டது. அது இருந்த இடத்தில் ஒரு சின்ன இரண்டு வந்து உட்கார்ந்தது. கட்டமெல்லாம் நிறைந்து, ஆட்டம் முடிந்தது.

பெருமாள் வேண்டாமென்று சொல்லிவிட்டார். கனகலட்சுமி திரையை அணைத்தாள்.

அந்த அம்மாள் விழித்துக்கொண்டாள். "உறங்கிட்டனா தாயி? தோளு வலிச்சிருக்குமே!"

"அதெல்லாம் இல்லக்கா."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அந்தச் சொல் வாயில் வந்து எவ்வளவு நாளாயிற்று! தோளில் அந்தச் சூடு இன்னும் இருந்தது. பெருமாள் பதில் சொல்ல நினைத்திருந்தால் போனில்தானா சொல்வார்?

அழகர்கோவிலில் இறங்கி, மாலைப் பையை அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு, போனில் அக்காவின் எண்ணை அழுத்தினாள்.

"அக்கா... எங்க இருக்க?"

மேளச் சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது.

"மொட்டை எடுக்கிற மண்டபத்துலதேன். புள்ள தலையை நனைச்சிட்டு உக்காந்திருக்கோம். நல்ல நேரம் போகுதுன்னு எல்லாரும் கத்துறாக." அக்காவின் குரல் கம்மியது. "நா ஒண்ணும் ஒன்னைய மாதிரி இல்லடி. நீ வந்தாத்தேன் கத்தி வைக்க விடுவேன். வெரசா வா."

"இந்தா, வாரேன்க்கா" என்று கனகலட்சுமி ஓடினாள்.