எள்ளளவு வண்டு

கொசு எண்ணெய் அடிப்பதுதான் என் வேலை. என் பேர் மண்ணாங்கட்டி; கொருக்குப்பேட்டையில் நான் கை வைக்காத குட்டையே கிடையாது. தண்ணீருக்குள்ளிருந்து எது பின்பக்கத்தைத் தூக்கி மூச்சு வாங்குகிறதோ அது கொசுப்புழு, பார்த்ததும் எண்ணெயை அடி. எங்கள் ஆட்களுக்கு இதுதான் வேதம். இதற்கு மேல் யோசிப்பவனுக்குத் தலைவலிதான் மிச்சம்.

1952 மார்கழியில் ஒரு வியாழக்கிழமை. கூட்ஸ் யார்டு தண்டவாளத்துக்குப் பின்னால் ஒரு மழைத்தண்ணீர்க் குட்டை. முழங்கால் ஆழம்தான். உப்புக் கரிக்காத தண்ணீர், ஓரமெல்லாம் சரளைக்கல்லும் பாசியும். குனிந்து பார்த்தேன். பொடிப்பொடியாக ஏதோ பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. அடித்துவிட்டேன்.

"ஐயோ, நிறுத்துப்பா!"

குடையை வீசிவிட்டு ஓடிவந்தவர் டோரதி டீச்சர். ராயபுரம் பள்ளிக்கூடத்தில் என் மகளுக்குப் பாடம் எடுப்பவர்.

"இன்னா டீச்சரம்மா, கொசுப்புழுவுக்கு வக்காலத்தா?"

"புழுவா? கண்ணு கீதா இல்லியா உனக்கு? வண்டுப்பா அது!"

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. "போர்டு எதுனா மாட்டி வச்சீங்களா? எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்?"

அவர் கரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். பிறகுதான் விஷயம் வந்தது. புத்தகத்தில் இல்லாத வண்டாம். இரண்டு வருஷம் எண்ணூர் வரைக்கும் அலைந்து, இந்த ஒரு குட்டையில்தான் கண்டாராம். மறுநாள் காலை மியூசியத்திலிருந்து ஒருவர் வருகிறார். உயிரோடு நீந்துவதைக் கண்ணால் பார்த்தால்தான் புது வண்டு என்று எழுதுவேன் என்றிருக்கிறார்.

ஒன்றை உள்ளங்கையில் எடுத்துக் காட்டினார். எள்ளளவுதான். பழுப்பு முதுகில் இரண்டு மஞ்சள் கோடு, பின்னங்காலில் துடுப்பு மாதிரி மயிர். அசையவில்லை.

"இறக்கைக்கு அடியில ஒரு சொட்டு காத்து வச்சிருக்கும். அது தீர்ந்தா மேல வரணும். நீதான் மேல மூடி போட்டுட்டியே. குட்டிக் கொசுப்புழுவைத் தின்னுறதே இதுதான்."

 யார்டு வாசலில் சௌக்கத் அலி டீக்கடைக்கு ஓடினேன்.

"பாய், பழைய பேப்பர் எல்லாத்தையும் குடு! பேஜாராப் பூடுச்சு!"

குடிதண்ணீர்க் கிணற்றில் தவறி எண்ணெய் விழுந்தால் நாங்கள் செய்வது இதைத்தான். பேப்பரைத் தண்ணீர்மேல் விரித்தால் எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். விரித்தோம், எடுத்தோம், மறுபடி விரித்தோம். டீச்சர் சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீரிலேயே இறங்கிவிட்டார். பேப்பர் தீர்ந்தபோது மினுமினுப்பு போயிருந்தது.

காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை.

"பூடுச்சுப்பா," என்றார் டீச்சர்.

அப்போது பாசிக்குள்ளிருந்து ஒன்று தள்ளாடிக் கிளம்பியது.

"வா கண்ணு, வா! இழு மூச்சை!" கத்தியது நான்தான். வெட்கமெல்லாம் படவில்லை. அது மேலே தொட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே போனது. பின்னாலேயே இன்னும் நாலைந்து. டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார்.

மறுநாள் மியூசியக்காரர் சரளைமேல் மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தார். பேனாவைத் திறந்தவர் மூக்கைச் சுளித்தார். "எண்ணெய் வாடை அடிக்குதே?"

"யார்டு பக்கத்துல கீது சார், அதான்," என்று டீச்சர் எனக்காகப் பொய் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நான்தான் சார் அடிச்சேன். தெரியாமப் பண்ணிட்டேன். இனிமே இந்தக் குட்டைல எவனாச்சும் எண்ணெய் அடிச்சான்னா கைய முறிச்சுடுவேன்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.