ஒன்பது நாள் பிந்திய குரல்

ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை முடித்த வாரத்தில் குறிஞ்சாக்கேணி ஊரைச் சேர்ந்த றுஷ்தாவின் குரல் நான்கு நிமிடம் பிந்தத் தொடங்கியது. வாய் அசையும், சத்தம் வராது. அவள் எழும்பிக் குசினிக்குப் போன பிறகு, பேசிய இடத்தில், வெறும் கதிரைக்கு மேலே அவள் சொன்னது தெளிவாகக் கேட்கும். இரண்டாம் அத்தியாயத்தோடு அது ஒரு நாளானது. ஐந்தாம் அத்தியாயம் முடிந்தபோது சரியாக ஒன்பது நாளில் நின்றுகொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களில் பிந்திக் கிடைத்த கடிதங்களைப் பற்றித்தான் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். தலைப்பை மாற்றினால் சரிவரும் என்று சிலர் சொன்னார்கள். மூன்று வருட வேலை என்பதால் அவள் மாற்றவில்லை.

அவள் ஆங்கிலம் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தினாள். விளக்கம் ஒன்பதாம் நாள் அதே வகுப்பில் வந்தது. "பாடம் ரெண்டு தரம் போகுது, நல்லம்தானே," என்றார் பள்ளிக்கூட அதிபர் பரீதா. வியாழனும் வெள்ளியும் சொன்னவை மட்டும் சனி, ஞாயிறில், பூட்டிய வகுப்பறைக்குள் ஒலித்து முடிந்தன.

கட்டாரில் வேலை செய்த கணவன் முனீப்புக்குத்தான் அது ஒத்துவரவில்லை. பின்னேரங்களில் ஃபோன் எடுப்பான். "என்ன புள்ள, கோவமா? ஒண்டும் கதைக்கிறாய் இல்ல." அவள் சொன்ன பதில் ஃபோனுக்குள் போகவில்லை. நடந்ததை எழுதி அனுப்பினாள், அவன் நம்பவில்லை. "உனக்கு உன்ர இங்கிலீசு போதும்," என்று வைத்தவன் பிறகு எடுக்கவில்லை. ஒன்பதாம் நாள் முன்னறையில், அவள் அமர்ந்து கதைத்த கதிரைக்கு மேலே, அவளுடைய குரல், "கோவமில்ல, நான் கதைச்சிட்டுத்தான் இருக்கிறன்," என்றது. அதைக் கேட்க வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள். அதன் பிறகும் தினமும் ஆறு மணிக்கு அந்தக் கதிரையில் இருந்து அன்றைய மழையையும் சமையலையும் அவனுக்குச் சொல்வதுபோல் சொல்லிவந்தாள். சொல்லாவிட்டால் ஒன்பதாம் நாள் வீடு சத்தமில்லாமல் போய்விடும்.

வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். அவளை வழிநடத்திய பேராசிரியர் பாக்கியரத்தினம் அதற்கு ஒன்பது நாள் முன்னதாகவே தேர்வு அறையைத் திறந்து கொடுத்தார். காலை பத்து மணிக்கு அவள் மூன்று வெறும் கதிரைகளுக்கு முன்னால் அமர்ந்து, கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் இடைவெளி விட்டு விட்டுப் பதில் சொன்னாள். தேர்வன்று வாயை மூடிக்கொண்டு அங்கேயே இருந்தாள். கேள்விகள் வந்தன, பதில்களும் ஏறக்குறைய நேரத்துக்கு வந்தன. கடைசியில் வெளியிலிருந்து வந்த பரீட்சகர் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார். கடிதம் பிந்தினால் அதிகம் இழப்பவர் யார், எழுதியவரா, வாசிப்பவரா? றுஷ்தா மேசையைப் பார்த்தாள். ஒன்பது நாள் முன்பு அந்த நேரத்தில் அவள் களைத்துப்போய்க் குறிப்புகளை மூடிவைத்திருந்தாள். அப்போது முணுமுணுத்தது இப்போது தமிழில் கேட்டது: "ஒருத்தரும் இல்லாத அறையில கதைக்கிறது பெரிய கஷ்டம்." பாக்கியரத்தினம் அதை ஆங்கிலத்தில் சொன்னார். பரீட்சகர் எழுதிக்கொண்டார். நூற்பட்டியலில் இரண்டு திருத்தங்களோடு ஆய்வேட்டை ஏற்றார்கள்.

முடிவை முனீப்புக்கு எழுதினாள், பதில் வரவில்லை. ஓகஸ்ட்டில் அவன் சொல்லாமல் கொள்ளாமல் வந்தான். அவள் பாண் வாங்கப் போயிருந்தாள். தன்னிடமிருந்த திறப்பால் கதவைத் திறந்து, பெட்டியை வைத்துவிட்டு முன்னறையில் அமர்ந்தான். ஆறு மணியானது. பக்கத்துக் கதிரையிலிருந்து அவளுடைய குரல் கதைக்கத் தொடங்கியது. கிணற்றில் தண்ணீர் குறைவு என்றது. இறால் கறி வைத்ததாகவும், தனக்கு மட்டும் சமைத்தால் உப்புச் சரிவருவதில்லை என்றும் சொன்னது. பிறகு, "எப்ப வாறீங்க?" என்றது.

"வந்திட்டன்," என்றான் முனீப், கதிரையைப் பார்த்து.

பாணோடு வாசலில் நின்ற றுஷ்தா உள்ளே வந்து அந்தக் கதிரையில் அமர்ந்தாள். வாய் மட்டும் அசைய, நெடுநேரம் அவனிடம் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாய் என்று அவன் கேட்கவில்லை. அவனுக்கு இன்னும் இருபத்தொரு நாள் லீவு இருந்தது.