கருப்புல போட்ட எழுத்து

அரிமளம் ஷீபா போடுற டைட்டில் ஆள் மேலயே ஒட்டிக்கும். மொதல்ல ஒட்டுனது அழகுமலைக்கு, ஒரு காதுகுத்துல. ஷீபாவும் அவங்க வீட்டுக்காரரும் விசேஷங்களுக்கு வீடியோ எடுக்குறவங்க. கேமரா படமெல்லாம் ஸ்விட்சர்னு ஒரு பொட்டிக்கு வந்து சேரும். எந்தப் படம் பெரிய ஸ்க்ரீன்ல தெரியணும், அதுக்கு மேல யாரு பேரு வரணும்னு பட்டன அமுக்குறது ஷீபா வேல. அன்னைக்கு 'தாய்மாமன் அழகுமலை'ன்னு போட்டுட்டு அந்தப் பட்டன ஆஃப் பண்ண மறந்துட்டாங்க. அழகுமலை விராலிமலைக்கு பஸ் ஏறுனாரு, நெஞ்சுக்குக் கீழ மஞ்சப் பட்டையில எழுத்தும் கூடவே ஏறிருச்சு. கண்டக்டர், "தாய்மாமன் கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க"ன்னாரு. சட்டைய மாத்திப் பாத்தாரு, போகல. போன் போட்டாரு, ஷீபா பட்டன அமுக்குனாங்க, அணைஞ்சிருச்சு. அப்புறம் ஜனங்களுக்குப் பழகிருச்சு. சம்பந்தி வீட்டுக்குப் போறேன், சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்மான்னு கேட்டுப் போட்டுக்கிட்டவங்களும் உண்டு.

ஜெகதாப்பட்டினத்துல செவந்தி மக இனியாவுக்குக் கல்யாணம். செவந்தி வீட்டுக்காரரு வீரய்யா கடலுக்குப் போயி ஏழு வருசமா வரல. படகு கெடச்சுது, ஆளு கெடைக்கல. கடலுக்கு அங்கிட்டு எந்த ஜெயில்லயும் பேரு இல்ல. செவந்தி பொட்ட அழிக்கல, கேட்டவங்களுக்குப் பதிலும் சொல்லல. ஆனா வீரய்யா தம்பி சேவுகன் பத்திரிகையில 'அமரர் வீரய்யா'ன்னு அடிச்சிட்டாரு. கெட்ட மனுசன் இல்ல. மாப்பிள்ள பாத்ததுல இருந்து பந்தக்கால் வரைக்கும் அவருதான் நின்னு செஞ்சாரு.

மண்டபத்துல ஷீபா பொட்டியப் பிரிக்கும்போதே செவந்தி வந்துட்டாங்க. "தங்கச்சி, ஒன் எழுத்து ஒட்டிக்குமாம்ல. அந்த ஒரு வார்த்தய மட்டும் அவரு மேல ஒட்டிறாத. ஒட்டுச்சுன்னா அப்பறம் நான் யாருக்காகக் காத்திருக்க?"

பின்னாலயே சேவுகன். "மதினி, ஊருக்கே பத்திரிக குடுத்தாச்சு. மாப்பிள்ள வீட்டுக்காரங்க முன்னாடி மாத்திப் போட்டா சிரிப்பாங்க. நீங்க போடுங்கம்மா, அதுல உள்ளபடியே."

ஷீபா ரெண்டு பேரு மூஞ்சியையும் பாத்தாங்க. "போட்டுர்றேன்ணே"ன்னாங்க. போடவும் செஞ்சாங்க. வீரய்யா பேர வெள்ளையில அடிச்சாங்க, அமரர்ங்கிறத மட்டும் கருப்புல அடிச்சாங்க. டைட்டில் படத்துல கருப்பா இருக்கிற எடத்தையெல்லாம் அந்த மிஷினு தின்னுரும், மிச்சந்தான் ஸ்க்ரீனுக்கு வரும். அதோட வேலையே அதுதான்.

தாலி கட்டுற நேரம், மேடையில செவந்திக்குப் பக்கத்துல ஒரு வெத்துச் சேரு கெடந்துச்சு. ஷீபா அந்தச் சேரக் காட்டுற கேமராப் படத்த ஸ்க்ரீனுக்கு எடுத்து பட்டன அமுக்குனாங்க. 'மணமகளின் தந்தை வீரய்யா'ன்னு ஸ்க்ரீன்ல வந்துச்சு. சேவுகன், "அமரர எங்கம்மா காணோம்?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. "கருப்புல இருக்குண்ணே, மிஷினு தின்னுருச்சு"ன்னாங்க ஷீபா. அவரு மேடையத் திரும்பிப் பாத்தாரு. சேர் மேல அந்தரத்துல எழுத்து நின்னுச்சு, அதுக்குப் பின்னால வீரய்யா உக்காந்திருந்தாரு. தல நரச்சிருந்துச்சு, கைலியில தண்ணி சொட்டுச்சு. செவந்தி முந்தானையால அவரு தலையத் தொவட்டி விட்டாங்க.

கெட்டிமேளம் நிக்கல. சேவுகன் தான் போட்டிருந்த துண்ட எடுத்து அண்ணன் தோள்ல போட்டு, "லேட்டா வந்துட்டியே"ன்னாரு. வீரய்யா, "அதான் பத்திரிகையில லேட்டுன்னே அடிச்சிட்டியாக்கும்"னாரு. சேவுகனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேந்து வந்துருச்சு. மொதப் பந்தியில வீரய்யாவுக்கு எல போட்டாங்க. ரெண்டு தடவ ரசம் கேட்டாரு.

விசேஷம் முடிஞ்சு எல்லாத்தையும் மூட்ட கட்டுன ஷீபா, ஸ்விட்சர மட்டும் வயர்ல இருந்து கழட்டல. அந்தப் பட்டன இன்னொரு தடவ அமுக்குனா என்ன ஆகும்னு யாரும் கேக்கவும் இல்ல. பட்டன் மேல டேப் ஒட்டி, அப்படியே யூபிஎஸ்ஸோட செவந்தி வீட்டுக்குக் கொண்டுபோயி வச்சாங்க. "அரிமளத்துக்கு வேற பொட்டி வாங்கிக்கிறோம்க்கா"ன்னாங்க. பக்கத்துல இருக்கிற ஐஸ் கம்பெனிக்காரங்க அவங்க ஜெனரேட்டர்ல இருந்து தனி லைன் இழுத்துக் குடுத்தாங்க.

இப்ப வீரய்யா அந்தக் கம்பெனியிலதான் ஐஸ் ஒடைக்கிறாரு. எழுத்து நெஞ்சுக்குக் கீழ இன்னும் இருக்கு, கரண்டு போனா அந்த வெளிச்சத்துல செவந்தி சோறு போடுவாங்க. இனியா புள்ளைக்குக் காது குத்தும்போது 'தாத்தா'ன்னு மாத்திக்கலாமான்னு செவந்தி கேட்டிருக்காங்க, வேணாம்க்கா, தொட வேணாம்னு ஷீபா சொல்லிட்டாங்க. மீன் ஏலத்துக்குப் போறவங்க போற வழியில செவந்தி வீட்டு ஜன்னல்ல அந்தப் பொட்டி லைட்ட எட்டிப் பாப்பாங்க. "எரியுதா மதினி?" "எரியுதுப்பா." அம்புட்டுதான், போயிருவாங்க.