பெயருக்குப் பின்னால் இரண்டு கோடு

ஒரே அணியில் அண்ணன் தம்பி இருவர் ஆடினால் பத்திரிகைக்காரர்கள் குடும்பப் பெயருக்குப் பின்னால் கோடு போட்டுவிடுவார்கள். மூத்தவனுக்கு ஒரு கோடு, இளையவனுக்கு இரண்டு கோடு. சொந்தப் பெயரை அச்சடித்தால் இவர்கள் வீட்டு மை செலவாகிவிடும் போலிருக்கிறது. எங்கள் ஊர் அணியில் எவாசியோ கரென்சோவுக்கு ஒரு கோடு. அவன் தம்பி ஜெர்மானோவுக்கு இரண்டு கோடு. ஞானஸ்நானத்தில் பாதிரியார் வைத்த பெயரெல்லாம் எங்கோ போய், கடைத்தெருவில்கூட அவர்கள் ஒண்ணும் ரெண்டும்தான்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் பதினொரு தடியன்களும் உடை மாற்றியது என் ஒயின் கடையின் பின்னறையில். மைதானத்தில் ஒரு கொட்டகைகூடக் கிடையாது. ஆட்டத்துக்கு ஆட்டம் சேறும் கற்பூரத் தைல நாற்றமும் எனக்குத்தான். இனிமேல் ஒருத்தனும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று மாதம் ஒருமுறை கத்துவேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே போய்க் கதவைத் திறந்து வைப்பேன். இந்த டெர்சிலாவுக்கு வாய்தான் பெரிது என்று என்னை ஊரில் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஜெர்மானோ கோல் அடிக்கிறவன். எங்கள் ஊரில் அவனைப் போல ஒருத்தன் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்தக் காலத்துப் பந்தின் வாயைத் தோல் கயிற்றால் கட்டியிருப்பார்கள். மழையில் நனைந்தால் கல் மாதிரி கனக்கும். அதைத் தலையால் முட்டினால் கயிற்று முடிச்சு நெற்றியைக் கிழித்துவிடும். மற்றவர்கள் தலையை ஒதுக்கிக்கொள்கிற பந்துக்கு இவன் தலையைக் கொடுப்பான். நெற்றியில் கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் இறங்குவான், அப்படியும் ரத்தம் வழியும். கோல் அடித்த பிறகு கையைத் தூக்க மாட்டான், சிரிக்க மாட்டான். தரையைப் பார்த்துக்கொண்டு தனியாகத் திரும்பி நடப்பான். கோல் வாங்கினவன் மாதிரி வருகிறானே என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள்.

எவாசியோ நேர் எதிர். வலப்பக்கத் தடுப்பில் நிற்பான். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘போ’ என்கிற ஆறு இருக்கிற திசையில் உதைப்பான், அவ்வளவுதான் அவன் ஆட்டம். சிமெண்ட் சூளையில் வேலை. சூளைக்கு ஞாயிறு ஏது, திங்கள் ஏது? அவன் முறை முடிந்து ஓடி வருவதற்குள் மற்ற பத்துப் பேரும் பூட்ஸ் கட்டி உட்கார்ந்திருப்பார்கள். உச்சி முதல் உள்ளங்கால்வரை சாம்பல் பூத்து வந்து கிணற்றடியில் நிற்பான். நான் வாளியில் தண்ணீர் இறைத்து அவன் தலையில் ஊற்றிக்கொண்டே திட்டுவேன். அவன் சொட்டச் சொட்ட உள்ளே போய் முதல் வேலையாகத் தம்பியின் கைக்குட்டையைப் பின்னால் முடிச்சுப் போட்டுவிடுவான். அதுவரை ஜெர்மானோ கைக்குட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வேறு யாரையும் கட்ட விட மாட்டான்.

தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் அவர்கள். கால்வாய்க் கரையில் ஒரு மாடி அறை. எவாசியோதான் சமைப்பான். அவன் கிளறுகிற அரிசியையும் அவரையையும் வாயில் வைக்க முடியாது, அப்படி உப்பு அள்ளிக் கொட்டுவான்.

ஜெர்மானோவுக்கு அந்த இரண்டு கோடுதான் பிடிக்காது. முப்பது மைல் சுற்றுவட்டாரத்தில் சின்னப் பையன்கள்கூட அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு தெருவில் பந்து உதைத்தார்கள், பெயரோ இரண்டாவதாகவே இருந்தது. எதிரணிக் கூட்டம் வேலியோரம் நின்றுகொண்டு, ‘ரெண்டு, போய் ஒண்ணைக் கூட்டிட்டு வா’ என்று கேலி செய்யும். ஒருமுறை நாட்டு அணிக்கு இவனைத் தேர்ந்தெடுத்தார்கள். மிலானில் சுவிட்சர்லாந்துக்காரர்களோடு ஆட்டம். ஒரு கோல் போட்டான். மறுநாள் டூரின் பத்திரிகையில் பார்த்தால், கோல் அடித்தவர் கரென்சோ, பின்னால் அதே இரண்டு கோடு. ரயிலிலிருந்து இறங்கி நேராக என் கடைக்கு வந்தான், முகம் சிவந்து கிடந்தது.

“அங்க ஒண்ணு எங்கேக்கா இருந்தான்? நான் ஒருத்தன்தானே போனேன். அங்கயும் ரெண்டா?”

எவாசியோ மூலையில் உட்கார்ந்து சோளக்களி தின்றுகொண்டிருந்தான். சிரித்தான். “நாட்டுக்கே கோல் போட்டாலும் நீ எனக்கு அப்புறம் பொறந்தவன்தாண்டா” என்றான். கடையே சிரித்தது. ஜெர்மானோ மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளே அணியின் செயலாளர் ஒலிவெரோவிடம் போய், என் பெயரைத் தனியாகப் போட வேண்டும் என்று கேட்டுவிட்டான். ஒலிவெரோ சிமெண்ட் ஆலைக் கணக்கர், எதையும் சட்டப்படி பேசுகிற மனிதர். அண்ணன் அணியில் இருக்கும்வரை பிரித்துக் காட்டத்தான் வேண்டும், வழியில்லை என்றார்.

விஷயம் எவாசியோ காதுக்கு எட்டாமல் இருக்குமா? எட்டியது. அவன் சண்டை போடவில்லை. அந்தச் சனிக்கிழமை ஒலிவெரோவின் மேசைக்குப் போய், முட்டி வலிக்கிறது, இந்தப் பருவத்தோடு நான் நின்றுகொள்கிறேன், அடுத்த பருவத்திலிருந்து தம்பி பெயரைத் தனியாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தான். முட்டியாவது வலியாவது. எருமை மாதிரி இருந்தான். ஜெர்மானோவுக்கும் அது தெரியும். தெரிந்தும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காக அவனை நான் குறை சொல்லவும் மாட்டேன், இருபத்து மூன்று வயதில் எல்லோருக்கும் தன் பெயர்தான் பெரிது.

அடுத்த பருவம் வரவில்லை. போர் வந்தது. எவாசியோ கார்ஸோ போர்முனைப் பாறைகளுக்குப் போனான், ஜெர்மானோவைப் பீரங்கிப் படையில் சேர்த்தார்கள். போனவர்களில் பாதிப்பேர் வந்தார்கள். ஜெர்மானோ கை கால் முழுசாக வந்தான். எவாசியோ விடிகிற நேரத்தில் பதுங்கு குழியிலிருந்து மேலே ஏறிப் போனதை எங்கள் ஊர்க்காரர்கள் இருவர் பார்த்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. காணவில்லை என்று ராணுவம் சொன்னது. செத்தான் என்று சொன்னால் அழுது தீர்த்துவிட்டு எழுந்து வேலையைப் பார்க்கலாம். காணவில்லை என்றால் மனுஷி என்ன செய்வாள்? எனக்கே இப்படி என்றால் தம்பிக்காரனுக்கு எப்படி இருந்திருக்கும்.

ஜெர்மானோ தினமும் என் கடையில் சாப்பிட்டான். கடைசி மேசை, சுவரைப் பார்த்து உட்காருவான். யாராவது எதிரே வந்து உட்கார்ந்தால் பாதித் தட்டோடு எழுந்துவிடுவான். ஒரு நாள் அரிசியும் அவரையும் வைத்தேன். ரெண்டு வாய் தின்றுவிட்டு, “உப்பு சரியா இருக்குக்கா” என்றான். பாராட்டுகிறான் என்று நினைத்து நிமிர்ந்தால், கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

ஆட்டங்கள் திரும்பத் தொடங்கியபோது ஒலிவெரோ மறக்காமல் வாக்கைக் காப்பாற்றினார். ஞாயிற்றுக்கிழமை அணிப் பட்டியலை என் கடைக் கதவில் ஒட்டினார். முன்வரிசை நடுவில் கரென்சோ. பின்னால் ஒன்றும் இல்லை. பார், உன் பெயர் தனியாக நிற்கிறது என்று ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். ஜெர்மானோ கதவுக்கு முன்னால் நின்றான், நின்றான், நின்றுகொண்டே இருந்தான். பிறகு ஒலிவெரோவிடம் போய்க் கோட்டைத் திரும்பப் போடச் சொன்னான். அவருக்குப் புரியவில்லை. தம்பி, ரெண்டு என்றால் ஒன்று இருக்க வேண்டும், யாரிடமிருந்து பிரித்துக் காட்ட உனக்குக் கோடு போடுவது என்று கேட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் இப்படியா கேட்பார்கள்?

அந்தப் பருவம் முழுக்க வேலியோரம் நின்று கரென்சோ, கரென்சோ என்று கத்தினார்கள், அவன் திரும்பியே பார்க்கவில்லை. கோல் அடித்தான், நிறைய இல்லை. கைக்குட்டையைத் தானே கட்டிக்கொண்டான், அது கோணலாகத்தான் நின்றது. காது செவிடாகிவிட்டதா உனக்கு என்று ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன்.

“கேக்குதுக்கா. நான் மட்டும் தனியாப் பேரை வச்சுக்கிட்டா, அவன் செத்துட்டான்னு நானே சொன்ன மாதிரி. எல்லாரும் சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன்.”

பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அவன் முன்னால் அழுகிற பழக்கம் எனக்கு இல்லை.

மறு வருஷம் மலைப்பக்கத்திலிருந்து புதிதாக ஒருவன் அணிக்கு வந்தான். பெயர் லிவியோ கரென்சோ. சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை, பெயர் மட்டும் அதே பெயர். ஆடுகிற இடமோ வலப்பக்கத் தடுப்பு. வம்பைக் கேளுங்கள், எவாசியோவின் இடமே. ஒலிவெரோவுக்கு ஒரே சந்தோஷம், இப்போது சட்டப்படி பிரித்துக் காட்டலாம் அல்லவா? அணியில் பழையவனுக்கு ஒரு கோடு, புதியவனுக்கு இரண்டு. டூரின்காரர்கள் ஆட வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை பட்டியலை ஒட்டினார். ஜெர்மானோ கரென்சோ ஒண்ணு ஆகிவிட்டான். ஊர் சிரித்துக்கொண்டு ஒயின் ஊற்றியது. இத்தனை வருஷம் கழித்து முதலாவதாகிவிட்டாயே என்றார்கள்.

அவன் கோப்பையைத் தொடவில்லை. பின்னறைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து, கட்டியிருந்த பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான்.

“நான் ரெண்டு” என்றான்.

ஒலிவெரோ பொறுமையாகத்தான் பேசினார். வெளியே மூவாயிரம் பேர் நிற்கிறார்கள், இது குழந்தை விளையாட்டு இல்லை என்றார். இவன் அசையவில்லை.

“சரி, நீ ரெண்டு. அப்ப இவன் ஒண்ணா?” என்று லிவியோவைக் காட்டினார்.

“இவன் மூணு.”

“அப்ப ஒண்ணு யாரப்பா?”

“ஒங்களுக்குத் தெரியாதா?”

ஒலிவெரோவின் காது மடல் சிவந்துவிட்டது. இல்லாதவனுக்கு எண் கொடுத்தால் நாடே நம்மைப் பார்த்துச் சிரிக்கும், இஷ்டமிருந்தால் ஆடு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ, என்றைக்குமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஜெர்மானோ பூட்ஸைக் கழற்றத் தொடங்கினான். அவனுக்கு அந்தப் பந்தை விட்டால் உலகத்தில் வேறு என்ன இருந்தது? ஒரு மாடி அறை, என் கடைக் கடைசி மேசை, அவ்வளவுதான். அந்தப் பந்தையும் விட்டுவிடத் துணிந்துதான் கழற்றினான். இடது கால் பூட்ஸை உருவிவிட்டான்.

அதுவரை வாயைத் திறக்காமல் நின்ற லிவியோதான் பேசினான்.

“எனக்கு மூணுன்னே போடுங்க ஐயா. வீட்டுல நான் ஒம்பதாவது. மூணுங்கறது எனக்கு ரொம்பப் பெரிய எடம்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒலிவெரோ கொஞ்ச நேரம் மீசையை இழுத்துக்கொண்டு நின்றார். பிறகு கதவில் இருந்த தாளைக் கிழித்து எடுத்து வந்து என் மேசையில் வைத்து, பேனாவை உதறி, ஆளுக்கு ஒரு கோடு கூடுதலாக இழுத்தார். அவ்வளவுதான், முடிந்தது வேலை. இந்த ஒரு கோட்டுக்கா இத்தனை பாடு என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஜெர்மானோ பூட்ஸை மறுபடி மாட்டினான்.

நடுவர் உள்ளே வந்தார். டூரின் ரயிலில் வந்த கண்ணாடிக்காரர், எங்கள் ஊர்க் கதை எதுவும் தெரியாது. பட்டியலை வாங்கி ஒவ்வொரு பெயராகப் படித்து ஆளைப் பார்த்துத் தலையாட்டினார். கரென்சோ மூணு, லிவியோ கையைத் தூக்கினான். கரென்சோ ரெண்டு, ஜெர்மானோ தூக்கினான். அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுத் தாளை மறுபடி பார்த்தார்.

“ரெண்டு இருக்கு, மூணு இருக்கு. ஒண்ணு எங்கே?”

ஒலிவெரோ தரையைப் பார்த்தார். ஜெர்மானோ கைக்குட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“இன்னும் வரல சார்” என்றான்.

நடுவர் கடிகாரத்தை எடுத்தார். ஆட்கள் பதினொன்று சரியாக இருக்கிறார்களே, அவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று மரியாதையாகவே கேட்டார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

“வேணாம், ஆரம்பிச்சுருங்க. அவன் எப்பவும் லேட்டாத்தான் வருவான்.”

அப்போது பதினொரு பேரும் கிணறு இருக்கிற முற்றத்து வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனைத் தெரியாத லிவியோகூடப் பார்த்தான். நடுவரும் பார்த்தார், பார்த்துவிட்டு என்னவோ புரிந்த மாதிரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஜெர்மானோ கைக்குட்டையைத் தானே நெற்றியில் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டு எழுந்து போனான்.

மைதானத்தில் ஒரே இரைச்சலாக ஆட்டம் தொடங்கிவிட்டது. அறையைப் பெருக்க வேண்டிய நான், என் புத்தியை என்ன சொல்ல, கிணற்றடிக்குப் போய் ஒரு வாளித் தண்ணீர் இறைத்து வைத்தேன்.