அலமாரிக்குயில்

மகள் கணினியின் பொத்தானை அழுத்தினாள். கட்டிலில் கிடந்த அம்மாவின் குரல் கூடத்தில் எழுந்தது. திரைச்சீலையில் வடிந்து வந்த பிற்பகல் வெளிச்சத்தில், அறையே தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் மெல்ல அசைந்தது. விடியலில் மூச்சு நின்றவள், கண்மூடித் தன் பாட்டைத் தானே கேட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

நான்கு மணிக்கு வண்டி வரும். "என்னைத் தூக்குறப்ப எவரும் மூக்கைச் சிந்தக்கூடாது. என் முதல் பாட்டு ஓடணும்" என்பது அம்மாவின் கட்டளை. அதை நிறைவேற்றும் பொறுப்பு மகளுடையது.

குடும்பப் பெண்ணுக்குப் பாட்டெதற்கு என்று கேட்ட காலத்தில், அந்தக் கேள்விக்கும் ஒரு பாட்டுக் கட்டியவள் அவள். ஆலை வாசலில் பாடினாள். பூட்டிய கதவுகளைப் பற்றிப் பாடினாள். இரண்டு வரியை மாற்றினால் இசைத்தட்டுப் போடுவோம் என்று வந்தவர்களிடம், "வரியை மாத்தணும்னா வேற வாயைப் பாருங்க" என்று வாசலைக் காட்டினாள். தெரு இரைச்சல் புகாதிருக்கத் துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் துணிகளுக்கிடையே தலையை நுழைத்து, தானே ஒலிநாடாவில் பதிவு செய்தாள். அக்கம்பக்கத்தார் 'அலமாரிக்குயில்' என்று எள்ளினர். அந்த ஏளனத்தையே எடுத்து அட்டையில் தன் பெயராக அச்சிட்டாள்! அப்படி வந்தவை ஏழு நாடாக்கள்.

கால்மாட்டில் அமர்ந்திருந்த அப்பா தலைநிமிர்ந்தார். தையற்காரர், அதிகம் பேசாதவர்.

"யாரு பாடுறது?"

"நல்லாருக்குண்ணே! பொண்டாட்டி குரலே மறந்துபோச்சா?" என்றாள் அத்தை.

"குரல் அவளோடதுதான். ஏன் தனியா நிக்கிறா?"

மகளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவள். மூன்று மாதம் பாடுபட்டு ஒவ்வொரு பாட்டையும் துலக்கியிருந்தாள். "பின்னாடி உங்க மெஷின் சத்தம் கடகடன்னு ஓடிட்டே இருந்துச்சுப்பா. இரைச்சல் மொத்தத்தையும் எடுத்துட்டேன்."

அப்பா தையல் இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். அத்தைதான் வெடித்தாள்.

"இரைச்சலா? அடியே, அது உங்கப்பன் மிதிச்ச தாளம்டி! 'ஓட்டுங்க'ம்பா அவ; இவரு மிதிப்பாரு. மத்தளக்காரனுக்கு அவ எங்கடி போவா? தாளத்துக்கு மிதிச்சதுல, பாட்டுக்கு ஒரு சட்டை கோணிக்கிட்டுப் போகும். வாங்கினவன் எங்கிட்ட வந்து சண்டை போடுவான்!"

அந்தப் பதிவெல்லாம் மகள் பள்ளியில் இருந்த வேளையில் நடந்தவை. அம்மா பாடும்போது அப்பா வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்றே இத்தனை ஆண்டும் எண்ணியிருந்தாள்.

"பழைய நாடாவையே போடும்மா" என்றார் அப்பா, மிருதுவாக.

"பூஞ்சை புடிச்சிருந்துச்சுப்பா." அவள் குரல் தேய்ந்தது. "தூக்கிப் போட்டுட்டேன். சுத்தம் பண்ணினது மட்டுந்தான் இருக்கு."

ஊரே கூடி அடக்க நினைத்த குரலை ஒரு மனிதர் தம் கால்களால் தாங்கி நின்றார். அந்தக் காலோசையைப் பகைவரா அழித்தனர்? இல்லை. அன்பின் பெயரால், பெற்ற மகளே துடைத்தெறிந்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. "எடுக்கலாங்களா?" என்று ஓட்டுநர் தயங்கிக் கேட்டார்.

"ஒரு பாட்டு நேரம் பொறுங்க, தம்பி" என்றபடி அப்பா எழுந்தார். அலமாரியை ஒட்டிக் கிடந்த தையல் இயந்திரத்தின் உறையை நீக்கி, அமர்ந்து, கால்களை மிதிமேல் வைத்தார்.

மகள் பாட்டைத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டாள். முதல் வரி போயிற்று. இரண்டாம் வரியும் போயிற்று. கால்கள் அசையவில்லை. அவர் அலமாரிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பாட்டை நிறுத்தினாள். ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் அம்மா சொல்லியிருந்த அந்த ஒற்றைச் சொல்லையும் அவள்தானே நறுக்கியிருந்தாள்!

எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். அம்மாவின் துணிகள் லேசாக ஆடின. அத்தையிடம் பொத்தானைக் காட்டிவிட்டு, அவற்றுக்கிடையே முகத்தை நுழைத்தாள்.

"ஓட்டுங்க."

சக்கரம் சுழன்றது. நூல் கோக்காத ஊசி, பாட்டோடு ஏறி இறங்கி, அடியில் கிடந்த வெள்ளைத் துணியில் வரிசையாகத் துளையிட்டுச் சென்றது. ஒவ்வொரு துளையிலும் துளி வெளிச்சம் இருந்தது.